பதினான்கும் இருபத்திரண்டும்

காலை ஒன்பதரைக்கு முதல் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனபோதே எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஜூலை மாதம், எங்கள் பக்கம் நடுக்குளிர்காலம், இரண்டாவது சனிக்கிழமை. ஆற்றின் மேல் மூடுபனி நகராமல் கிடந்தது. நியூ நார்ஃபோக் கண்காட்சிக் கூடத்தின் தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் முப்பத்தொரு குளிர்காலப் பீர்கள். எல்லாம் கறுப்பு, எல்லாம் கனம். மாலை நான்கு மணிக்குள் இவற்றில் ஒன்றை இந்தப் பள்ளத்தாக்கின் சிறந்த பீர் என்று நாங்கள் மூன்று பேரும் சொல்லியாக வேண்டும்.

பீர் ருசி பார்க்கிற வேலை என்றால் கேட்கிறவர்கள் எல்லாம் பொறாமைப்படுகிறார்கள். வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். பத்தாவது கோப்பைக்கு மேல் நாக்கு செத்துப்போய்விடும். உப்பில்லாத பிஸ்கட்டும் தண்ணீரும்தான் துணை. அன்றைக்குக் காலையில் காப்பி கூடாது, உதட்டுச் சாயம் கூடாது, வாசனைச் சோப்புக்கூடக் கூடாது. மற்ற நாட்களில் எனக்குப் பீருக்குக் கசப்புத் தருகிற ஹாப்ஸ் பூப் பண்ணையில் வேலை. மார்ச்சில் அறுவடை தொடங்கிவிட்டால், காயவைத்த பூக்களை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து தரம் பிரிக்க வேண்டும். எனக்கு ஐம்பத்தாறு வயது. என் மூக்குக்கு அதைவிடக் கூட இருக்கும்.

இடது பக்கம் ரோய்ஸ். எழுபதைத் தாண்டியவர். பெரிய மதுவாலையில் முப்பது வருடம் குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு அதையே இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறார். வலது பக்கம் ஹாமிஷ். முப்பது வயது, மார்பு வரை தாடி, ஹோபார்ட்டில் பீர்க்கடை வைத்திருக்கிறான். எதையும் சுருக்கமாகச் சொல்ல அவனுக்கு வராது. குளிர்பெட்டிகளுக்கும் எண் பட்டியலுக்கும் பொறுப்பு காலீன். எந்த எண் யாருடைய பீர் என்பது அவளுடைய உறைக்குள் இருக்கும். தீர்ப்பில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த உறை பிரியும்.

"காலீன், இந்த ஹீட்டர் நெஜமாவே எரியுதா, இல்ல சும்மா செவந்து ஏமாத்துதா?" என்றார் ரோய்ஸ்.

"ஏமாத்துது. போன வருஷமும் இதையேதான் கேட்டீங்க."

"போன வருஷமும் நீ சரி பண்ணல."

இப்படிப்பட்ட பீரைச் சில்லென்று குடித்தால் ஒன்றும் தெரியாது. வாசம் உள்ளேயே உறங்கும். கோப்பையை இரண்டு கைக்குள்ளும் பொத்தி, உடம்புச் சூட்டைக் கொடுத்து எழுப்ப வேண்டும். அன்றைக்குக் கூடமே குளிர்பெட்டி மாதிரி இருந்ததால் ரோய்ஸ் கோப்பையைக் கோட்டுக்குள் விட்டு அக்குளில் வைத்துக்கொண்டார். முட்டையை அடைகாக்கிற கோழி மாதிரி அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஹாமிஷ் சிரித்தான்.

"சிரி, சிரி. எழுபது வயசுல உனக்கும் அங்க மட்டுந்தான் சூடு இருக்கும்," என்றார் அவர்.

எங்களுக்குச் சட்டம் இரண்டுதான். மூன்று பேரும் எழுதி முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. இது யாருடைய பீராக இருக்கும் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. இந்தப் பள்ளத்தாக்கில் பீர் காய்ச்சுகிற யாரும் எனக்குத் தெரியாதவர் இல்லை. தெரிந்தவர் பீரைத் தொடக் கூடாதென்றால் இங்கே நடுவராக உட்கார ஆளே கிடைக்காது. அதற்காகத்தான் எண்.

அந்த முப்பத்தொன்றில் ஒன்று டெல்லுடையது. டெல்வின் என்பது முழுப்பெயர். அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். பதினேழு வருடத்துக்கு முன்னால் ப்ளென்டியில் ஒரு பழைய ஆப்பிள் கொட்டகையில் நானும் அவளும் சேர்ந்துதான் பீர் காய்ச்சத் தொடங்கினோம். நான்கு வருடத்தில் என் முதுகு போயிற்று. நான் பண்ணை வேலைக்கு வந்துவிட்டேன். அவள் விடவில்லை. போன வாரம் தொலைபேசியில் பேசும்போது, மழை வரும்போலிருக்கிறது என்கிற மாதிரிச் சொன்னாள்:

"இந்தத் தடவ ஜெயிச்சா பள்ளத்தாக்குல இருக்கிற ஆறு பப்லயும் அக்டோபர் முடிய என் பீர்தான் ஓடும். அத வச்சு அடுத்த வருஷத்தத் தள்ளிருவேன். இல்லேன்னா தொட்டியெல்லாம் சிக்னெட்ல ஒரு பாலாடைக்கட்டிக்காரன் கேக்குறான், குடுத்துரலாம்னு இருக்கேன். தம்பி டோவர்ல சால்மன் பேக்கிங்குக்கு வான்னு கூப்பிடுறான்."

"நீயா? மீன் வாசத்துல நீ ஒரு நாள் இருப்பியாடி?"

"ஜன்னலத் தொறந்து வச்சுக்கிறேன். இங்க பாரு, உன்கிட்ட எதுவும் கேக்கல. சும்மா சொன்னேன்."

சும்மாதான் சொன்னாள். எனக்குத்தான் அது சும்மா இருக்கவில்லை.

முதல் பத்துப் பீர்களில் ஆறில் இலவங்கப்பட்டை. ஜூலையில் கிறிஸ்துமஸ் கொண்டாட வேண்டும் என்று யார் இவர்களுக்குச் சொன்னார்களோ தெரியவில்லை. எட்டாவதில் ஆரஞ்சுத் தோல், ஒன்பதாவதில் வெண்ணெய் வாசம், அதாவது புளிப்பதற்கு நேரம் கொடுக்காமல் அவசரமாக அடைத்தது. பதினொன்றைக் குடித்துவிட்டு ரோய்ஸ் "நனைஞ்ச அட்டைப்பெட்டி" என்று மட்டும் எழுதினார். பன்னிரண்டைப் பற்றி ஹாமிஷ் ஒரு பக்கம் எழுதினான். எனக்கு இரண்டையும் படிக்கத் தெம்பில்லை. பிஸ்கட்டை மென்று தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினேன்.

பதினான்கு வந்தது.

கையில் பொத்தி வைத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, லெதர்வுட் தேன் வாசம் எழுந்து வந்தது. மேற்குக் காட்டிலிருந்து வருகிற தேன். கொஞ்சம் மருந்து வாடையும் இருக்கும். கறுப்புப் பீரில் அதை விட்டால் பெரும்பாலும் கெட்டுப்போகும். கெடாமல் விடத் தெரிந்த கையை நான் ஒன்றுதான் பார்த்திருக்கிறேன். கொட்டகையில் அண்டாவின் மேல் குனிந்து, முடியைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, தேனை மூன்று தடவையாகப் பிரித்து ஊற்றுவாள். டெல் என்று தெரிந்துவிட்டது. முகத்தில் எதையும் காட்டாமல் தாளின் மேல் குனிந்துகொண்டேன்.

ஆனால் பீர் அவ்வளவு சிறப்பாக இல்லை. இனிப்பு தொண்டையிலேயே தங்கிவிட்டது. இரண்டாவது வாய்க்கு ஆசை வரவில்லை. இருபதுக்குப் பதினாறு போட்டேன். கை கூசினாலும் அதுதான் நியாயமான மதிப்பெண். அதுவரை நான் ஒழுங்காகத்தான் இருந்தேன்.

மதியம் வாசலில் ஸ்காலப் பை விற்றார்கள், சிப்பிக்கறியை மசாலா போட்டு மாவுக்குள் பொதிந்து சுட்டது. ஊரே அதைத் தின்றுகொண்டிருந்தது. எங்களுக்குக் கிடையாது. மசாலா பட்டால் நாக்கு ஒரு மணி நேரத்துக்கு உதவாது. வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு ரோய்ஸ் வாசலையே பார்த்தார்.

"நெரிடா, இத்தனை வருஷமா நான் இந்தத் திருவிழாவுக்கு வர்றேன். ஒரு தடவகூட அந்தப் பையைத் தின்னதில்ல. செத்தா என் பொட்டியில ஒண்ணு வச்சிருங்க."

"ஆறுனதாவா, சூடாவா?" என்று ஹாமிஷ் கேட்டான்.

"உன்ன மாதிரி வளவளன்னு இல்லாம இருந்தாச் சரி."

இருபத்திரண்டு மதியத்துக்குப் பிறகு வந்தது. வாசமே பெரிதாக இல்லை. சரி, இன்னொன்று என்று அலுப்போடு வாயில் ஊற்றினேன். வறுத்த தானியம், கொஞ்சம் கசப்பு, அவ்வளவுதான் என்று நினைத்து விழுங்கிய பிறகு, எங்கோ பின்னாலிருந்து மலைமிளகு மெல்ல ஏறி வந்து நாக்கின் ஓரத்தைச் சுட்டது. வாய் சுத்தமாகிவிட்டது. அன்றைக்கு முதல்முறையாக, நான் கேட்காமலே என் கை இரண்டாவது வாய்க்காகக் கோப்பையைத் தூக்கியது. பதினெட்டரை போட்டேன். தாளின் அடியில் எழுதினேன்: 'எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கை.' ரோய்ஸ் பதினெட்டு போட்டிருந்தார். அவர் பதினெட்டு போட்டு நான் பார்த்து ஆறு வருடமாகிறது.

மூன்று மணிக்குக் கடைசிச் சுற்று. அதில் மதிப்பெண் கிடையாது. மிஞ்சிய ஐந்து கோப்பைகளையும் வரிசையாக வைத்து, வேண்டாததை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ள வேண்டும். மூன்று கோப்பைகள் சண்டையில்லாமல் போயின. பதினான்கும் இருபத்திரண்டும் நின்றன.

"இருபத்திரெண்டு. இதுல பேசறதுக்கு என்ன இருக்கு?" என்றார் ரோய்ஸ்.

ஹாமிஷ் தாடியை நீவினான். "எனக்குப் பதினாலுங்க. இருபத்திரெண்டு நம்ம மூணு பேருக்குப் புரியும். பப்ல வந்து உக்கார்றவனுக்குப் புரியுமா? குளுருல வர்றவனுக்கு இனிப்பு வேணும், வாசம் வேணும், ஒரு இது வேணும்..."

"என்ன இது?"

"அதாங்க, ஒரு இது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். தலைமை நடுவர் நான். என் கை எதைத் தள்ளுகிறதோ அது போகும்.

இரண்டு கோப்பைகளையும் எடுத்து மறுபடி முகர்ந்தேன். உண்மையைச் சொன்னால் முகர வேண்டிய தேவையே இல்லை. எது நல்ல பீர் என்று எனக்குத் தெரியும். எது டெல்லுடைய பீர் என்றும் தெரியும் என்று நினைத்தேன். எனக்கு அப்போது நியாயத்தைப் பற்றிய யோசனையே இல்லை. டோவரில் ரப்பர் காலணி போட்டுக்கொண்டு ஐஸ் தண்ணீரில் நிற்கிற டெல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டைக் காய்ச்சியவர் யாரோ, இவ்வளவு தெரிந்தவர் அடுத்த வருடமும் ஜெயிப்பார். டெல்லுக்கு அடுத்த வருடம் இல்லை. இருபத்திரண்டைப் பின்னால் தள்ளினேன்.

"மத்தியானம் எழுதின தாள எடு. பதினெட்டரை போட்ட கைதான இது?" என்றார் ரோய்ஸ்.

"இப்பக் கொஞ்சம் சூடானதும் வேற மாதிரி இருக்கு ரோய்ஸ். நாக்கு மாறுது."

அவர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். "நாக்கு மாறாது. எனக்குக் கால் வலிக்குது, சண்ட போடத் தெம்பில்ல. குடு, கையெழுத்துப் போடுறேன்."

கடைசியில் தோற்ற பீருக்குத் தலைமை நடுவர் காரணம் எழுத வேண்டும். தன் பெயரைப் போட்டே எழுத வேண்டும், காய்ச்சியவர் கைக்கு அது போகும். பொய்யை அரைகுறையாக எழுதினால் நிற்காது என்று கொஞ்சம் அழுத்தியே எழுதினேன்: 'சுத்தமான பீர். ஆனால் துணிச்சல் இல்லை. காய்ச்சியவர் களைத்துப்போய்ப் பாதியில் விட்டுவிட்டதுபோல இருக்கிறது.' எழுதியபோது எனக்குச் சிறிதும் உறுத்தவில்லை. யாரோ ஒருவர்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

காலீன் உறையைப் பிரித்தாள். முதலில் தனக்குள் படித்துவிட்டுச் சிரித்தாள். "அட, பதினாலு நம்ம ஜாரட்!"

"எந்த ஜாரட்?"

"டெல்கிட்ட ஆறு வருஷம் வேல பாத்தானே, அவந்தான். போன வருஷம் தனியாப் போனான்ல. பொண்டாட்டி கைக்கொழந்தையோட வெளிய நிக்குது, பாவம், காலையிலேருந்து."

பட்டியலை எட்டிப் பார்த்தேன். "இருபத்திரெண்டு?"

அவள் விரலை வரிசையில் கீழே இறக்கினாள். "டெல். அடடா, ஒரு படியில தவறிப்போச்சே. என்ன நெரிடா, மொகம் வெளுத்துப்போச்சு? உக்காரு, உக்காரு. காலையிலேருந்து வெறும் வயித்துல..."

நான் உட்காரவில்லை. வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். யாருடையது என்று ஊகித்துத் தீர்ப்புச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால் இரண்டு பீரும் போட்டியிலிருந்து போகும். அந்த வருடம் பரிசே கிடையாது. டெல்லுக்கும் எதுவும் கிடைக்காது, ஜாரட்டுக்கும் கிடைக்காது. காலீன் காய்ச்சியவர்களுக்குக் கொடுக்கத் தாள்களை உறைகளில் போட்டுக்கொண்டிருந்தாள். டெல்லின் உறையை நானே கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். வழியிலேயே காரணம் எழுதிய இரண்டாவது தாளைக் கிழித்துவிடலாம் என்றுதான் வாங்கினேன். கிழிக்கவில்லை. அந்த அளவுக்காவது எனக்கு வெட்கம் மிச்சமிருந்தது.

டெல் தன் யூட் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து ஸ்காலப் பை தின்றுகொண்டிருந்தாள். மூடுபனி இன்னும் விலகவில்லை. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"வாடி. செத்துப்போன மாதிரி இருக்க. ஒரு கடி கடிக்கிறியா? இனிமே தின்னலாம்ல?"

"டெல், முடிவு ஆயிருச்சு."

என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பையைக் காகிதத்தில் வைத்தாள், விரலைக் காற்சட்டையில் துடைத்தாள், உறையை வாங்கிப் பிரித்தாள். மதிப்பெண் போட்ட முதல் தாளைப் படித்தாள். உதடு லேசாக விரிந்தது. இரண்டாவது தாளைப் படித்தாள். மறுபடி முதல் தாளுக்குப் போனாள். இரண்டும் என் கையெழுத்து.

"இதுல எது நெரிடா நீ நெனச்சது?"

"மொதல் தாள்."

"அப்ப இது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பதினான்கில் தேன் வாசம் வந்ததை, அது அவள்தான் என்று நான் முடிவுகட்டியதை, அவளை ஜெயிக்க வைக்க வேண்டும் என்றே அவளைத் தள்ளியதை. அவள் தாளின் ஓரத்தை நீவிக்கொண்டே கேட்டாள். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இப்பவே உள்ள போய்ச் சொல்லிர்றேன். எல்லாரு முன்னாடியும் சொல்றேன்," என்றேன்.

"சொல்லி? ஜாரட் என்ன தப்பு பண்ணுனான்? அந்தத் தேன் பக்குவத்த நாந்தான் அவனுக்குக் குடுத்தேன். போறப்ப எடுத்துட்டுப் போடான்னு சொன்னேன். எனக்கு அது சலிச்சுப்போச்சு. எத்தன வருஷம் ஒரே இனிப்பு."

"எனக்குத் தெரியாதுடி."

"எப்படித் தெரியும்?" அவள் தாள்களை மடித்துக்கொண்டே, ஏதோ மறந்துபோன சாமானைப் பற்றிக் கேட்கிற குரலில் கேட்டாள். "ஏப்ரல்ல உன் வாசல்ல ரெண்டு பாட்டில் வச்சுட்டு வந்தேனே. தேனில்லாம காய்ச்சுனது. குடிச்சுப் பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லுன்னு சீட்டுகூட எழுதி வச்சேன். குடிச்சியா?"

நடுவர் முன்கூட்டியே ருசி பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள். மே மாதத்தில் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அது வெறும் சப்பைக்கட்டு. அவள் பாட்டில் வைத்தது அறுவடை முடிந்த வாரம், கையெல்லாம் ஹாப்ஸ் பிசின், பீர் என்ற பேச்சே குமட்டியது. பாட்டில்களைத் துணி துவைக்கிற அறையில் சோப்புத் தூளுக்குப் பின்னால் வைத்தேன். சீட்டில் இரண்டு வரிதான் இருந்தது. அதற்குக்கூட நான் பதில் எழுதவில்லை. போன வாரம் அவள் தொலைபேசியில் பேசியபோதும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"குடிக்கல," என்றேன். "களைப்பா இருந்துச்சு டெல். நெஜமா, ரொம்பக் களைப்பா இருந்துச்சு."

அவள் தலையாட்டினாள். கோபமாக இல்லை. நான் எழுதிய இரண்டாவது தாளை மறுபடி பிரித்து, கடைசி வரிக்கு நேராகக் கட்டைவிரலை வைத்தாள்.

"எனக்கும் களைப்பாத்தான் இருந்துச்சு," என்றாள். "ஆனா பாதியில விடல. பதினோரு தடவ காய்ச்சுனேன்."

உள்ளே ஒலிபெருக்கியில் ஜாரட்டின் பெயரைக் கூப்பிட்டார்கள். டெல் பலகையிலிருந்து இறங்கி, மேலே சிந்தியிருந்த பைத் துகளைத் தட்டிவிட்டு, அவனுக்குக் கைதட்டுவதற்காக உள்ளே போனாள். என்னையும் வா என்று அவள் கூப்பிடவில்லை.